ரெட்டேரிப் பக்கம் ஓட்ட எந்த நைட்ரோ படகைக் கட்டலாம்?

மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின் வைத்து, கரையில் நின்று ரேடியோவில் ஓட்டுகிற மாடல் படகைத்தான் நைட்ரோ படகு என்கிறோம். அதன் பெயரைச் சொன்னதுமே எல்லோரும் கேட்பது, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். வடசென்னையில் கொளத்தூரிலோ தண்டையார்பேட்டையிலோ இருந்துகொண்டு ஒன்றைக் கட்ட நினைப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறோம், எரிபொருளுக்கு என்ன வழி, உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்பது தெளிவானால், எஞ்சினும் ஹல்லும் (படகின் உடல்) பாதிக்கு மேல் முடிவாகிவிடும். இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கும் பந்தயப் படகை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடி அலமாரியில் வைக்கிற மாடல்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம்.

முதலில் தண்ணீர். புழல் ஏரியை மறந்துவிடுங்கள், அது ஊருக்குக் குடிதண்ணீர். எண்ணூர் முகத்துவாரம் அகலமானது, பார்த்தால் ஆசை வரும். ஆனால் உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் பேரிங் துருப்பிடிக்கும். அதைவிட முக்கியம், அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படகின் அடியில் கத்திபோல நிற்கும் டர்ன் ஃபின் ஒரு வலையில் மாட்டினால் நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து அவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். விளையாட்டுக்காக நாம் அங்கே போய் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டாம். மிச்சம் இருப்பவை ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர் மாதிரியான ஏரிகள். அங்கும் முறைப்படி கேட்டு, சம்மதம் கிடைத்த பிறகுதான் இறங்க வேண்டும். இந்த ஏரிகளில் வழக்கமான எதிரி ஆகாயத்தாமரை, அப்புறம் பிளாஸ்டிக் பை. இந்த இரண்டும் எந்த ஹல் வடிவம் என்ற தேர்வை எப்படி மாற்றுகின்றன என்பதைக் கீழே பார்க்கலாம்.

எஞ்சின் அளவு

பந்தய உலகத்தில் 3.5, 7.5, 11, 15 சி.சி. என்று வகுப்புகள் உண்டு. நாவிகா என்ற உலக மாடல் படகு அமைப்பின் நீண்ட ஓட்டப் போட்டிகளிலும் 3.5, 7.5, 15 என்ற பிரிவுகள் உண்டு. பெரிய எஞ்சினின் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் கை அரிக்கும். ஆனாலும் நம் பக்கத்துக்கு 3.5-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி.

காரணம் எளிது. 3.5 சி.சி. எஞ்சின் சுமார் 200 மில்லி எரிபொருளில் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஓடும். அந்த எரிபொருளில் 18 சதவீதம் எண்ணெய் என்றால் 36 மில்லி. அதில் பெரும்பகுதி புகையோடு வெளியே வந்து தண்ணீரில்தான் விழுகிறது. 7.5 சி.சி. போட்டால் எரிபொருளும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏரியில் படியும் எண்ணெயும் இரண்டு மடங்கு. படகு மீட்டர் நீளத்தை நெருங்கும், திரும்ப அகலமான தண்ணீர் வேண்டும், தூக்கிக்கொண்டு போக ஆட்டோ வேண்டும். 75 சென்டிமீட்டர் படகென்றால் பைக்கில் பின்னால் உட்காருபவர் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

3.5 சி.சி. என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். நல்ல மரைன் எஞ்சின் இரண்டு குதிரைத்திறன் அளவுக்குத் தரும். இரண்டு கிலோ படகுக்கு அது அதிகமே தவிரக் குறைவில்லை.

எரிபொருள்தான் நிஜமான தடை

நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றின் கலவை. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 போதும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 போதும். அதே சிலிண்டருக்குள் அதிக எரிபொருளைத் திணித்து எரிக்க முடிவதால்தான் இத்தனை சின்ன எஞ்சினில் இத்தனை வெறி.

தமிழ்நாட்டில் மெத்தனால் சும்மா வாங்கி வைக்கிற பொருள் இல்லை. வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். 2023-இல் மரக்காணம், 2024-இல் கள்ளக்குறிச்சி என்று மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை பேரைக் கொன்றது என்பதைப் பார்த்த பிறகு, இந்தக் கெடுபிடியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு கேன் வாங்கி வீட்டில் கலக்கிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஹாபி கடையில் பில்லோடு கிடைக்கும் தயார் எரிபொருள் மட்டும்தான் வழி. அதையும் விமானத்தில் அனுப்புவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு என்பதால் ஸ்டாக் இருக்கும், இல்லாமலும் போகும். மாதக் கணக்கில் காத்திருக்கத் தயாராக இல்லாதவர் நைட்ரோ பக்கம் வராமல் இருப்பது நல்லது.

வீட்டில் வைப்பதும் ஒரு பிரச்சினை. ஒரே அறை, அதற்குள்ளேயே கேஸ் அடுப்பு என்று இருக்கிற வீட்டில் மெத்தனால் கேனுக்கு இடம் இல்லை. அது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத சுடரோடு எரியும். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், நம் ஊரில் மூடியைத் திறந்து வைத்தால் எரிபொருள் சீக்கிரம் கெட்டுவிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டுப் போட்ட தனி இடம் இல்லையென்றால் கட்டும் திட்டத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

நைட்ரோ சதவீதம் எவ்வளவு? வெளிநாட்டுப் பந்தயக்காரர்கள் 40, 50, அதற்கு மேலும் போவார்கள். நமக்கு 10 முதல் 16 போதும். சதவீதம் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்துக் கம்ப்ரெஷனைக் கூட்ட வேண்டும், எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கொஞ்சம் சூடான வகையாகப் போட வேண்டும். கயிறு கட்டிச் சுற்றும் வேக விமானப் போட்டிகளில் நைட்ரோவே இல்லாமல் 80 பங்கு மெத்தனால், 20 பங்கு விளக்கெண்ணெய் என்ற கலவையில் பறக்கவிடுகிறார்கள். ஆகவே நைட்ரோ குறைந்தால் படகு ஓடாது என்பது வெறும் பயம்.

மின்சாரப் படகு இதையெல்லாம் தவிர்க்கும் என்பது உண்மை. பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் போட்டால் சத்தம் குறைவு, எண்ணெய் இல்லை, வேகத்திலும் குறை இல்லை. பெட்ரோலில் ஓடும் 26 சி.சி. எஞ்சினுக்கு எரிபொருள் தெருமுனை பங்கிலேயே கிடைக்கும், 2டி ஆயில் கலந்தால் போதும், ஆனால் படகு ஐந்து ஆறு கிலோவைத் தாண்டிவிடும். எடை குறைந்த படகு என்ற பேச்சே அங்கே முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைக் கால் சுற்று திருப்பி, சத்தம் மாறுவதைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் சுகம் வேண்டும் என்கிறவருக்குத்தான் இனி வருவது.

மோனோவா, ரிக்கரா, டன்னலா?

ரிக்கர் என்பது நடுவில் குறுகலான ஒரு பெட்டி, அதன் இருபுறமும் குழாயில் மாட்டிய மிதவைகள். மிதவையை ஸ்பான்சன் என்பார்கள். ஓடும்போது டர்ன் ஃபின்னையும் சுக்கானையும் விட்டால், இரண்டு ஸ்பான்சனின் அடியும் பாதி ப்ரொப்பெல்லரும் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். உரசல் மிகக் குறைவு, ஆகவே இருப்பதிலேயே வேகம் இதற்குத்தான். எல்லாமே தட்டையான பலகைகள் என்பதால் கட்டவும் சுலபம். மரம், லேசர் கட்டிங், கொஞ்சம் பொறுமை இருந்தால் இரண்டு கிலோவுக்குக் கீழே முடித்துவிடலாம். காகிதத்தில் பார்த்தால் எல்லா மதிப்பெண்ணும் இதற்கே.

ஆனால் ரிக்கருக்குக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் வேண்டும். ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று தண்ணீர் மட்டத்தில் மிதந்துகொண்டிருந்தால் கரையில் நிற்கிற நம் கண்ணுக்குத் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஸ்பான்சன் மட்டும் அதில் மோதினால் படகு சக்கரம்போலச் சுழன்று விழும், குழாய் வளையும், சில சமயம் ஸ்பான்சன் தனியாகப் போய்விடும். தலைகுப்புற விழுந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர்.

மோனோ என்பது அடிப்பக்கம் 'வி' வடிவத்தில் இருக்கும் வழக்கமான படகு. ஆகாயத்தாமரை இலை, சின்ன அலை என்றால் ஏறித் தாண்டிவிடும். ப்ரொப்பெல்லரில் பை சுற்றிக்கொண்டால் நின்றுபோகும், அவ்வளவுதான், உடையாது. ரிக்கரைவிட மெதுவாகப் போகும், எடையும் இரண்டரைக் கிலோவுக்கு அருகில் வரும். எஞ்சின் ப்ரொப்பெல்லரை ஒரு பக்கம் சுற்றும்போது படகின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். குறுகலான மோனோவில் இந்தச் சாய்வு நன்றாகவே தெரியும். இந்த எஞ்சின்கள் வழக்கமாகச் சுற்றும் திசைக்கு வலது பக்கம்தான் தாழும். பந்தயச் சுற்றும் வலதுபுறத் திருப்பமாக இருப்பதால் அது பெரிய தொல்லை இல்லை.

டன்னல் ஹல் என்பது இருபுறமும் மிதவை, நடுவில் காற்று போகும் குகை மாதிரி இடைவெளி உள்ள படகு. அதில் அவுட்போர்டு மோட்டாரைப் பின்னால் வெளிப்பக்கம் மாட்டுவார்கள். பார்க்க அழகு. ஆனால் 3.5 சி.சி. நைட்ரோ அவுட்போர்டுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். முதல் படகுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏரி முழுக்கச் சுத்தமாக, காற்றில்லாமல் கிடைக்கும் என்றால் ரிக்கர். நமக்குக் கிடைக்கிற தண்ணீருக்கு மோனோதான். வேகத்தில் தோற்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுதாக வீடு திரும்பும்.

பிளைவுட், பால்சா, ஃபைபர்

இங்கேதான் பலர் எடையைக் கோட்டைவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 75 சென்டிமீட்டர் மோனோவுக்கு அடி, பக்கம், டெக் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.45 சதுர மீட்டர் தோல் வேண்டும். எஞ்சின், ஃப்ளைவீல், டியூன்ட் பைப் (புகைக்குழாய்), மவுன்ட் மட்டுமே ஏறக்குறைய முக்கால் கிலோ வந்துவிடும். அதைக் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது தோல் மட்டும்தான்.

காசிமேட்டில் ஃபைபர் வள்ளங்களைப் பழுது பார்க்கிறவர்களின் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பைக் கத்தரியால் வெட்ட மாட்டார்கள், கையால் கிழிப்பார்கள். கிழித்த ஓரம் சன்னமாக முடிவதால் அடுத்த துண்டோடு மேடு தெரியாமல் சேரும். அதன்மேல் பிரஷ்ஷால் ரெசினைக் குத்திக் குத்தி வைப்பார்கள், வெள்ளையாக இருந்த மேட் கண்ணெதிரே தெளிந்து அடியில் இருப்பது தெரியும். பிறகு ரோலரால் உருட்டிக் குமிழை வெளியேற்றுவார்கள். அவர்களிடம் நம் ஹல்லைக் கொடுத்தால் நிச்சயம் உடையாத படகு கிடைக்கும். "இன்னா தம்பி, இவ்ளோ சன்னமா போட்டா தாங்குமா? இன்னொரு மேட் போட்டுக்க" என்று அன்பாகச் சொல்வார்கள். கடலுக்குப் போகிற வள்ளத்துக்கு அது சரியான அறிவுரை. நமக்குச் சரிவராது.

கணக்கைப் பாருங்கள். 300 கிராம் மேட், பாலியெஸ்டர் ரெசினைக் குடித்து முடிக்கும்போது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ஆகிவிடும். இரண்டு அடுக்கு, மேலே அரைக் கிலோ ஜெல்கோட் (வழவழப்பான வெளிப்பூச்சு) என்றால் இரண்டரைக் கிலோ. நம் 0.45 சதுர மீட்டருக்கு ஹல் மட்டும் 1.1 கிலோவைத் தாண்டும். அதே ஹல்லை 160 கிராம் நெய்த கண்ணாடித் துணி இரண்டு அடுக்கில், எபாக்ஸி போட்டு, பழைய ஏ.டி.எம். கார்டால் உபரி ரெசினை வழித்தெடுத்தால் சதுர மீட்டருக்கு 650 கிராமுக்குள் வரும். மொத்தம் 300 கிராமுக்குக் கீழே. இரண்டும் ஃபைபர்தான், வித்தியாசம் முக்கால் கிலோவுக்கு மேல்.

இப்போது 0.8 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். சதுர மீட்டருக்கு 550 கிராம், இருபுறமும் சன்னமாக எபாக்ஸி பூசினால் அதுவும் 650 பக்கம்தான். 3 மில்லிமீட்டர் பால்சாவை எடுத்து இருபுறமும் 50 கிராம் துணி போட்டாலும் மறுபடி 650. ஒழுங்காகச் செய்தால் மூன்றும் ஒரே எடைக்கு வந்து நிற்கின்றன. ஆக, எது லேசான பொருள் என்ற வாதமே வீண். எதில் நம் கை தவறினால் எடை அதிகம் ஏறாது, எது உடைந்தால் சுலபமாக ஒட்டலாம் என்று மட்டும் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்தால் பால்சா முதலில் விழுகிறது. விறைப்பு அதற்குத்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் எங்காவது ஒரு கீறல் விழுந்து எரிபொருள் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் எந்தப் பசையும் ஒட்டாது.

நெய்த துணி ஃபைபருக்கு மோல்டு வேண்டும். ஒரே மோல்டில் நாலைந்து நண்பர்கள் ஆளுக்கொரு படகு எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு. ஒருவர் ஒரு படகுக்காக மோல்டு செய்வது பந்தலைவிடப் பந்தக்காலுக்கு அதிகம் செலவழிக்கிற கதை. இன்னொரு சிக்கல், எஞ்சின் உட்காரும் மரச்சட்டத்தை ஃபைபர் ஹல்லின் உள்பக்கம் ஒட்டும் இடம் அதிர்வில் முதலில் விடும். உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, துணிப்பட்டை போட்டு ஒட்ட வேண்டும்.

பிளைவுட்டில் அந்தச் சட்டமே எலும்புக்கூட்டின் பகுதி. குறுக்குச் சட்டங்களை லேசரில் வெட்டி, நிமிர்த்தி வைத்து, தோலை வளைத்து ஒட்டினால் படகு வடிவம் வந்துவிடும். ஒரே பக்கமாக வளையும் தோலுக்கு 0.8 மில்லிமீட்டர் தகடு நன்றாக இசைந்து கொடுக்கும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளைக்கப் பார்த்தால் விரிசல் விடும். ஆகவே விளிம்பு கூராக இருக்கும் மோனோ வரைபடத்தையே தேர்ந்தெடுங்கள். ஓட்டை விழுந்தால் சதுரமாக வெட்டியெடுத்து, உள்ளே ஒரு பட்டை கொடுத்து, புதுத் துண்டை ஒட்டிவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண மரக்கடையில் பிளைவுட் கேட்டால் 4 மில்லிமீட்டரைக் காட்டுவார்கள். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டாகவே இருந்தாலும் அது சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ, தோலுக்கு ஆகாது. ஹாபி கடைகளில் கிடைக்கும் பிர்ச் தகடுதான் வேண்டும்.

மரத்தின்மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசாதீர்கள், உரிந்து வரும். எபாக்ஸிதான். மழைக்கால ஈரத்தில் எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் பூசினால் பிடிக்காது. கோடையில் நேர்மாறு. குவளையில் கலந்து வைத்தது பாதி வேலையிலேயே சூடேறி இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மேல் பெயின்ட் கார் பட்டறையில் ஹார்ட்னர் கலந்து அடிக்கிற டூ-கே வகை. சாதாரண எனாமலை மெத்தனால் இளக்கிவிடும்.

மிதப்புக்கு உள்ளே ஃபோம் வைக்க மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும், இரண்டு லிட்டர் அடைத்தால் படகு முழுகாது. தெர்மாகோல் வைத்தால் அதன்மேல் எபாக்ஸி படலாம், பாலியெஸ்டர் பட்டால் கரைந்து போகும்.

பழைய எஞ்சினா, புதுசா?

புதுசு வாங்க முடிந்தால் வாங்குங்கள். பழையது என்றால் இரண்டு சோதனை. பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ஒரு பிடிப்பு தெரிய வேண்டும். இந்த வகை எஞ்சினில் ரிங் கிடையாது, குளிர்ந்திருக்கும்போது சிலிண்டர் மேலே இறுக்கமாக இருந்து, சூடானதும் சரியான இடைவெளிக்கு வரும். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் உள்ளே தேய்ந்துவிட்டது, மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அடுத்து, பின்மூடியைத் திறந்து பேரிங்கில் துரு இருக்கிறதா பாருங்கள். பல 3.5 சி.சி. எஞ்சின்களில் முன் பேரிங் 7 x 19 x 6 மில்லிமீட்டர், அதாவது 607 நம்பர். பாரிமுனைப் பேரிங் கடைகளில் கேட்கலாம். பின் பேரிங் 14 x 25.4 x 6 என்ற விநோத அளவு, அதைத் தருவித்துத்தான் ஆக வேண்டும்.

ஆர்.எக்ஸ். 100 சைலன்சரை நோண்டிப் பழகிய கைக்கு டியூன்ட் பைப் புதிதில்லை. பைப்புக்குள் போன அழுத்த அலை திரும்பி வந்து, வெளியேறப் பார்க்கும் புது எரிபொருளை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிற அதே கதைதான். பைப்பைக் குறுக்கினால் உச்ச ஆர்.பி.எம். கூடும், நீட்டினால் கீழே இழுவை கிடைக்கும். மோனோவுக்குக் கொஞ்சம் நீளமாகவே ஆரம்பியுங்கள். மவுன்ட், ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட், தண்டை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் காலெட் மாதிரிச் சாமான்களை வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருப்பவர்களிடம் வரைபடத்தோடு போனால் கடைந்து வாங்கிவிடலாம், வரவழைப்பதைவிட வேகம்.

ப்ரொப்பெல்லருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆக்டுரா கம்பெனியின் எக்ஸ்440 என்றால் விட்டம் 40 மில்லிமீட்டர், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) அதன் 1.4 மடங்கு, 56 மில்லிமீட்டர். 24,000 ஆர்.பி.எம்.-இல் ஏட்டுக் கணக்குப்படி மணிக்கு 80 கிலோமீட்டர். வழுக்கலைக் கழித்தால் 70 பக்கம் நிற்கும். முதலில் இதைவிடச் சின்னதாகப் போட்டு எஞ்சினைச் சிரமப்படுத்தாமல் பழகுங்கள். பெரிலியம் காப்பர் ப்ரொப்பெல்லரைக் கூர்தீட்டும்போது வரும் தூள் நுரையீரலுக்கு விஷம். ஈரமாக வைத்து, முகமூடி போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

நேரம் காலை. மதியத்துக்குள் கடற்காற்று ஏறி ஏரியில் அலை எழுந்துவிடும். ஆனால் குடியிருப்புப் பகுதியில் பகல் ஒலி வரம்பு 55 டெசிபல், அதுவும் காலை 6 மணிக்குப் பிறகுதான் பகல். நம் எஞ்சின் அதற்குள் அடங்காது. வீடுகள் இல்லாத கரையைப் பிடித்து, எட்டு மணிக்கு மேல் தொடங்கினால் அக்கம்பக்கத்தாரோடு வம்பு குறையும்.

ரேடியோவில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. எந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டும் ஆகும், ஆன்டெனா மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். சிக்னல் அறுந்தால் த்ராட்டிலைத் தானாக மூடும் ஃபெயில்சேஃப் வசதி கட்டாயம். படகைத் தண்ணீரில் விடுமுன், எஞ்சின் ஓடாத நிலையில், த்ராட்டிலைப் பாதி திறந்து வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் தானாக மூடிக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.